சங்குமேட்டு ஜமீன்

செப்டம்பர் 4, வியாழன்

சங்குமேட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு என்னை ஒருத்தியை அனுப்பியிருக்கிறார்கள். எடைக் கருவி, உயரப் பலகை, டேப்லெட், என் துணிப்பை எல்லாம் என் தலையில். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து உப்பளத்து வரப்பில்தான் ஊருக்குள் நடக்க வேண்டும். பாதி வழியில் பலகையைக் கீழே போட்டுவிட்டு, எங்கள் மேற்பார்வையாளர் ரூபன் சாரை நினைத்து நாலு வார்த்தை சொன்னேன். கேட்க ஒரு கொக்குதான் இருந்தது.

வேலை இதுதான். கடலோர ஊர்கள் ஒவ்வொன்றும் பருவநிலை மாற்றத்தால் எவ்வளவு அடி வாங்கும் என்று ஒரு குறியீடு போடுகிறார்கள். மழை, புயல், வெயில் ஒரு பங்கு. வருமானம் ஒரு பங்கு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மெலிவும் வீட்டில் சோற்றுத் தட்டுப்பாடும் ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்குதான் என் தலையில் கட்டியிருப்பது. மொத்தத்தில் மோசமாக வரும் ஊர்களுக்கு ஐப்பசி முதல் தை வரை பருவகால உணவு மையம் கிடைக்கும். மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி என்கிறார்கள். மழை பெய்தால் உப்பளத்தில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அடுப்பும் இல்லை. போன வருஷம் இந்தக் கஞ்சித்தொட்டிதான் சங்குமேட்டைக் கரை சேர்த்திருக்கிறது.

இந்த வருஷம் கிடைக்குமா என்பது நான் அளப்பதில் இருக்கிறது. அதை மட்டும் அவர்களிடம் சொல்லக் கூடாதாம். சொன்னால் பதில் மாறிவிடுமாம். பயிற்சியில் ரூபன் சார் மூன்று முறை சொன்னார். ஒருவர் சோற்றைப் பற்றிய முடிவை அவருக்கே தெரியாமல் எடுப்பதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதலில் இசக்கியம்மா வீடு. நாற்பத்தைந்து வயது இருக்கும், உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. போன வருஷம் கஞ்சித்தொட்டியில் சமைத்ததும் இவள்தான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள், நான் கேட்பதற்கு முன்னால்.

டேப்லெட்டில் உள்ள கேள்வியை நான் வாசித்தேன். கடந்த ஓராண்டில் தட்பவெப்ப மாற்றத்தால் உங்கள் குடும்பத்தின் உணவுப் பன்முகத்தன்மை குறைந்துள்ளதா?

“இதத் தமிழ்ல கேளுங்க மேடம்.”

“மழை தப்பிப் பெய்யறதால சாப்பாட்டுல ஏதும் குறைஞ்சுபோச்சா?”

“வைகாசில ஒரு மழ. ஆவணில ஒரு மழ. ரெண்டு தடவையும் பாத்தில வெளஞ்ச உப்பு கரைஞ்சு கடலுக்கே போச்சு. அப்பம் வேலையும் போச்சு. ஆனா நாங்க நல்லாத்தான் சாப்பிடுதோம். எழுதிக்கிடுங்க.”

எழுதிக்கொண்டேன். பின்னால் அடுப்பு அணைந்து கிடந்தது. அதைக் கேட்க டேப்லெட்டில் கேள்வி கிடையாது.

அடுத்து சந்தனமாரி வீடு. சின்னப் பெண். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் இரண்டு வயது மகன் சேர்மதுரை. ஊரே அவனை ஜமீன் என்று கூப்பிடுகிறது. காரணம் பார்த்தவுடன் தெரிந்தது. உருண்டை முகம், பொம்மென்ற கன்னம், கையெல்லாம் மினுமினுப்பு. காலில் கட்டிய கறுப்புக் கயிறு சதைக்குள் பதிந்து கிடந்தது. எடைக் கருவியின் தகடு சில்லென்றிருக்கும், எந்தப் பிள்ளையும் வீறிடும். இவன் அழவே இல்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். தங்கமான பிள்ளை.

முடி மட்டும் செம்பட்டை. “உப்புக் காத்து மேடம், எல்லாப் பிள்ளையளுக்கும் அப்படித்தான்” என்றாள். மேல்கையைச் சுற்றி மெலிவு பார்க்கும் நாடாவைப் போட்டேன். பச்சை காட்டினால் நல்ல பிள்ளை, மஞ்சளும் சிவப்பும் மெலிவு. பச்சை. ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். காலை வெயில் அவன் முகத்தில் விழுந்திருந்தது, படம் அழகாக வந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் தம்பியின் படம் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுக்கு முன்னால் போனவன். அதே கன்னம். எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தான், கண் பட்டுப் போய்விட்டது என்று அம்மா இன்னும் சொல்வாள்.

செப்டம்பர் 6, சனி

துணி துவைத்தேன். நான் தங்கியிருக்கும் அறையின் சொந்தக்காரர் தண்ணீர் பற்றி முணுமுணுத்தார். கை சும்மா இருந்தபோது நாடாவை என் கையிலேயே சுற்றிப் பார்த்தேன். பெரியவர்களுக்கு அது பொருந்தாது, எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் அதிகம்.

காலையில் கொடிமலர் என்ற பெண்ணின் வீடு. அவள் மகன் கொழுகொழுவென்று சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பச்சை. எங்கேயோ பார்த்த முகம்தான், நின்று யோசிக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒருவன் கொழுகொழுவென்று நீலச் சட்டையில் இருந்தான். எடை கிராம் பிசகாமல் காலையில் பார்த்ததுதான். குனிந்து காலைப் பார்த்தேன். கறுப்புக் கயிறு.

“இது சந்தனமாரி மகன்தானே?”

“ஒரே சாயல் மேடம். சொந்தக்காரப் பிள்ளைய.”

“முகத்துக்குச் சாயல் சரி. கயித்து முடிச்சுக்குமா சாயல்?”

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜமீன் எங்கள் இருவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வீடு வீடாகத் தூக்கிப் போகிறார்களே, ஒரு சிணுங்கல் கூட இல்லை.

நேரே இசக்கியம்மாவிடம் போனேன். அவள் மறுக்கவில்லை.

“போன தடவ ஒரு மேடம் வந்தாவ. நாடா செவப்பு காட்டுதுன்னு ஒருத்தி பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டாவ. தாயும் பிள்ளையும் பதினாலு நாளு அங்கனயே கெடந்தாவ. திரும்பி வந்தா அளத்துல அவ பேரு இல்ல. கங்காணி வேற ஆளப் போட்டுட்டாரு. இப்பம் கடைசியா உப்பு வாருற நேரம். மழைக்கு முன்ன நாலு காசு பாக்கணும். இந்நேரம் எவ போயி ஆஸ்பத்திரில உக்காருவா, நீங்களே சொல்லுங்க.”

“அதனால குண்டுப் பிள்ளையை வாடகைக்கு விடறீங்களா?”

“வாடக எல்லாம் இல்ல. ஊருக்கே அவன் ஒருத்தன்தான் தேறியிருக்கான். கண்ணு பட்டுரக் கூடாதுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ட்டு வந்த பெறவு மொளகா சுத்திப் போடுதோம். நேத்துல இருந்து பிள்ள சோந்து கெடக்கான். ஒங்க கண்ணுதான்.”

மெலிந்த பிள்ளைகளெல்லாம் எங்கே என்று கேட்டேன். உப்பு மூட்டை போடும் கொட்டகையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம், நான் போகும் வரைக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரூபன் சாருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் பதறவில்லை. அவருக்கு எதற்கும் விதி இருக்கிறது.

“அந்த ரெண்டு வீட்டையும் செல்லாதுன்னு போட்டுடுங்க மேடம். ரோட்டோரமா இருக்கிற வீடுகள்ல எடுத்துக்குங்க. பிள்ளைய மறைக்கிற வீடு இருந்தா அதுக்கும் அப்படித்தான்.”

“ரோட்டோரத்துல இருக்கிறது லாரி வெச்சிருக்கிறவரும் கடைக்காரரும் சார். அவங்க உப்பு வாரறவங்க இல்ல.”

“சங்குமேடு எல்லைக்குள்ளதானே வருது?”

“கஞ்சித்தொட்டி இதை வெச்சுத்தான் முடிவாகும்னு இந்தப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா பிள்ளைகளைத் தானா வெளிய கொண்டுவருவாங்க.”

“ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் ஆளாளுக்குப் பசின்னு நடிப்பாங்க.”

இவர்கள் இப்போதே நடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பசி இல்லை என்று. அது அவருக்கு உறுத்தவில்லை. பசியாக இருக்கிறது என்று நடித்தால்தான் குற்றம்.

பசித்த வீட்டைத் தள்ளிவிட்டுப் பசிக்காத வீட்டை அதன் இடத்தில் வைத்தால் ஊரின் பசி தீர்ந்துவிடும். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது கஞ்சி எதற்கு? எரிச்சலில் இட்லி இறங்கவில்லை. மிச்சம் வைக்கவும் மனம் வரவில்லை, பொட்டலம் கட்டிக்கொண்டேன். என்னால் சோற்றை வீணாக்க முடியாது. அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, புதன்

சொல்லிவிட்டேன்.

உச்சிவேளையில் உப்பளத்துக் கரையில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்காருவார்கள். நடுவில் போய் நின்று சொன்னேன். இந்த அளவில் எல்லாம் பச்சையாக வந்தால் இந்த மழைக்குக் கஞ்சித்தொட்டி கிடையாது என்று.

இசக்கியம்மா எழுந்தாள்.

“இத வந்தன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?”

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவும்மா.”

“யாரு போட்ட உத்தரவு? அவரு மழைக்காலத்துல எங்கன சாப்பிடுதாரு?”

கேள்வி நியாயம்தான். ஆஸ்பத்திரிக்கு யாரையும் வலுக்கட்டாயமாக அனுப்பமாட்டேன், ஆபத்தாக இருந்தால் நானே வந்து பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கொட்டகை திறந்துவிட்டது. விடிந்ததும் கோயில் வேம்படியில் வரிசை நின்றது. இத்தனை பிள்ளைகள் இந்த ஊரில் இருப்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். விலா எலும்பும் வீங்கிய வயிறும் பெரிய கண்ணுமாக வந்தார்கள். நாடாவைச் சுற்றச் சுற்ற மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு.

நேற்று வரை பிள்ளையை ஒளித்தவர்கள் இன்று போட்டி போட்டார்கள். “எம்பிள்ள நல்ல செவப்பு மேடம், சரியாப் பாருங்க.” “ஏ, ஒம்பிள்ளைய விட எம்பிள்ள கைதான் சிறுசு.” ஒருத்தியின் பிள்ளைக்கு மஞ்சள் வந்ததும் முகம் வாடிப்போனாள். எந்த ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையின் மெலிவுக்குச் சண்டை போட வேண்டும்? யார் கொண்டுவந்து நிறுத்தினோம் இவர்களை இந்த இடத்தில்? அளவு தப்பக் கூடாது என்று இரண்டு இரண்டு முறை பார்த்தேன்.

கடைசியில் சந்தனமாரி வந்தாள். ஒரு இடுப்பில் ஜமீன், மறு தோளில் கைக்குழந்தை.

“ஏட்டி, நீ எதுக்கு வந்த?” என்றாள் கொடிமலர். “ஒம்மவன் ஒருத்தனே எல்லாத்தையும் பச்சையாக்கிருவான். தூக்கிட்டுப் போ.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “அவனை அன்னைக்கே எழுதியாச்சும்மா, வேண்டாம்” என்றேன். அவன் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் திரும்பிப் போனாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். இவ்வளவு மெலிந்த பிள்ளைகளைப் பார்த்து நிம்மதி அடைந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 13, சனி

உயரப் பலகையின் கால் ஒன்று வேம்படியிலேயே கிடந்துவிட்டது. எடுக்கப் போனேன். சந்தனமாரி அன்று என்ன சொல்ல வந்தாள் என்பது உறுத்திக்கொண்டிருந்ததால் அவள் வீட்டுக்கும் போனேன்.

ஜமீன் பாயில் கிடந்தான். கண் பாதி மூடியிருந்தது. முகம் முன்னைவிட ஊதியிருந்தது. காலில் கயிறு இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது.

“இறுகியிருக்கே. தளர்த்திக் கட்டக் கூடாதா?”

“கட்டும்போது தொளதொளன்னுதான் மேடம் கெடந்துச்சு. கொஞ்ச நாளுல பிள்ள நல்லாத் தேறிட்டான்.”

“என்ன சாப்பிடறான்?”

“கஞ்சித் தண்ணிதான். இந்தக் கைப்பிள்ள வயித்துல வந்ததும் இவனுக்குப் பால மறக்கடிச்சாச்சு. இப்பம் கஞ்சியும் வேண்டாங்கான். அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். எல்லாரும் சிரிச்சாவளா, வந்துட்டேன்.”

கயிற்றை மேலே தள்ளிப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், நிரம்பவே இல்லை. பாதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. மறு காலிலும் அழுத்தினேன். அங்கேயும் குழி.

இது கொழுப்பு இல்லை. சத்தில்லாத உடம்பில் தண்ணீர் கோத்த வீக்கம். பட்டினியிலேயே கொடிய வகை இதுதான். எடை குறையாது, கை மெலியாது. ஆனால் பிள்ளை செத்துவிடும். பாதத்தை அழுத்திப் பார்க்கவும் என்று எங்கள் படிவத்தில் போன வருஷம் வரை ஒரு வரி இருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று இந்த வருஷம் தூக்கிவிட்டார்கள். படிவத்தில் இல்லையென்றால் என்ன, எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளையை மூன்று முறை கையில் தூக்கினேன். அழாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறேன் மேலே. படிக்கவே கூசுகிறது.

ஆஸ்பத்திரி என்றதும் சந்தனமாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“குண்டாத்தான மேடம் இருக்கான்? குண்டா இருக்குற பிள்ளைய எவளாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாளா? அளத்துல எம்பேரு போயிரும் மேடம்.”

நான் அவள் கையைப் பிடித்து அவள் விரலையே அந்தப் பாதத்தில் வைத்து அழுத்த வைத்தேன். குழியைப் பார்த்ததும் அவனைப் பாயிலிருந்து வாரித் தூக்கிக்கொண்டாள்.

இசக்கியம்மா உப்பளத்திலிருந்து ஓடிவந்தாள். விஷயம் கேட்டதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அவனை வீடு வீடாக அனுப்பியது அவள்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கங்காணியிடம் போய் எல்லார் முன்னாலும் சொன்னாளாம். “சந்தனமாரி எடத்துல நாங்க மாத்தி மாத்தி வாருதோம். அவ பேர எடுத்தியன்னா இப்பமே எல்லாரும் கரையேறிருவோம். மழக் கருக்கல் கட்டி நிக்கி, பாத்துக்கிடுங்க.” கங்காணி வானத்தைப் பார்த்திருக்கிறார். பெயர் அப்படியே இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வரப்பில் வராது. ரோடு வரைக்கும் உப்பு ஏற்றும் டிராக்டரில் போனோம். கைக்குழந்தையை நான் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். வீட்டை ஒட்டடை அடித்துத் தம்பி படத்தைத் துடைத்து மாட்டினாளாம். படத்தில் கால் தெரிகிறதா என்று கேட்கப் போனேன். கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பிள்ளை இருக்கிறான். அதற்கு மேல் யாரும் உறுதி சொல்லவில்லை. நர்ஸ் அவன் தோல் உரியும் இடத்தில் மருந்து போட்டுக்கொண்டே, “குண்டுன்னு யாரும்மா சொன்னா? உடம்பு பூராத் தண்ணி” என்று அதட்டினாள். சந்தனமாரி என்னைக் கைகாட்டவில்லை. கைகாட்டியிருந்தாலும் தப்பில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று ரூபன் சாரிடம் பேசினேன்.

“சீரியஸ்தான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா ஆப்ல வீக்கத்துக்குக் கட்டம் இல்லையே. எடையும் கையும் பச்சை. அப்ப பச்சைன்னுதான் எடுக்கும்.”

“சாகக் கிடக்கிற பிள்ளை பச்சையா சார்?”

“நம்ம குறியீட்டுப்படி. அப்புறம், வியாழக்கிழமை நீங்க அனுப்பின அளவெல்லாம் ஒரேயடியா சிவப்பா இருக்கு. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொன்னேன்.”

“அப்ப அது செல்லாது. நான் வேற ஆளை அனுப்பி ரோட்டோர வீடுகள்ல எடுத்துக்கறேன். டேப்லெட்டை ஒப்படைச்சிடுங்க.”

“பொம்பளைங்க பொய் சொல்லலாம் சார். விலா எலும்பு பொய் சொல்லுமா? நாடா பொய் சொல்லுமா?”

அவருக்குக் கூட்டம் இருந்ததாம். வைத்துவிட்டார். என் வேலை போய்விட்டது என்பது சாயங்காலம் பேருந்தில்தான் உறைத்தது. உயரப் பலகையை இனிச் சுமக்க வேண்டாம்.

செப்டம்பர் 22, திங்கள்

அவன் எடை இறங்குகிறது. நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னாள். தண்ணீர் வடிந்தால்தான் உள்ளே இருக்கும் பிள்ளை தெரிவான், குறையட்டும் என்றாள். தெரிகிறான். குச்சிக் கால். கன்னம் ஒட்டிவிட்டது. இன்று ஒரு டம்ளர் பால் கேட்டு வாங்கிக் குடித்தான். ரூபன் சாரின் டேப்லெட்டில் போட்டால் இப்போதுதான் மோசமாகிறான் என்று காட்டும்.

சங்குமேட்டில் மழை. உப்பு வாருவது முடிந்தது.

அக்டோபர் 8, புதன்

அறிக்கை வந்துவிட்டது. கூட வேலை பார்த்த ஒருத்தி கைப்பேசியில் அனுப்பினாள். சங்குமேடு, பாதிப்பு குறைவு, தாங்குதிறன் அதிகம். கஞ்சித்தொட்டிப் பட்டியலில் பெயர் இல்லை.

அட்டையில் ஜமீன் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறான். செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் எடுத்த படம். காலை வெயில், பொம்மென்ற கன்னம். கீழே பெரிய எழுத்தில், மீண்டெழும் கடலோரம்.

போனைச் சுவரில் எறிந்திருப்பேன். வேறு வாங்கக் கையில் வழியில்லை.

அக்டோபர் 15, புதன்

மாவட்டக் கூட்ட அரங்கில் அறிக்கை வெளியீடு. என்னை யாரும் அழைக்கவில்லை. சங்குமேட்டுப் பெண்களையும் யாரும் அழைக்கவில்லை. அதனால் எல்லாருமாகப் போனோம். வாசலில் நின்றவர் யாரும்மா நீங்கள் என்றார். இசக்கியம்மா சுவரில் ஒட்டியிருந்த அட்டைப் படத்தைக் காட்டி, “இந்தா இருக்கானே, இவனுக்கு நாங்கெல்லாம் சொந்தக்காரவுக” என்றாள். விட்டுவிட்டார்.

ரூபன் சார் மேடையில் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தார். சங்குமேடு பச்சைப் புள்ளி. திட்ட அதிகாரி அம்மா முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். சந்தனமாரி நேராக நடந்துபோய் அவர் முன்னால் மேசைமேல் பிள்ளையை உட்கார வைத்தாள். நாலு பேர் எழுந்தார்கள்.

“என்னம்மா இது?”

“ஒங்க அட்டையில இருக்குறவன் மேடம்.”

அதிகாரி அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். முகத்தை வைத்து அவரால் நம்ப முடியவில்லை. நான் முன்னால் போய், “முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க” என்றேன். படத்தில் கறுப்புக் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது. மேசைமேல் அதே கயிறு, அதே முடிச்சு, குதிகாலில் நழுவிக் கிடந்தது.

ரூபன் சார் மைக்கை விட்டு இறங்கி வந்தார். “மேடம், பிள்ளை மெலிஞ்சது அளவெடுத்த பிறகு. அது இந்த அறிக்கையில வராது” என்றார்.

சந்தனமாரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

“குண்டா இருந்தப்பம் சாவக் கெடந்தான் சார். இப்பம் மெலிஞ்சிருக்கான், பொழச்சுட்டான். ஒங்க புஸ்தகத்துல சாவக் கெடந்தவனத்தான நல்லாருக்கான்னு போட்டிருக்கிய? அப்பம் எங்க ஊரு நல்லாருக்குன்னு போட்டிருக்கியளே, அத எப்படி நம்ப?”

பாதத்தை அழுத்திப் பார்க்கும் வரியை யார் எடுத்தது என்று அதிகாரி கேட்டார். ரூபன் சார் மேலிடம் என்றார். மேலிடத்திலிருந்து வந்திருந்தவர் கீழிருந்து வந்த ஆலோசனை என்றார். அந்த வரியை யாரும் எடுக்கவில்லை போலும், தானே நடந்து போயிருக்கிறது.

மறுபடி அளக்க உத்தரவு போடுகிறேன், மார்கழிக்குள் முடிந்துவிடும் என்றார் அதிகாரி.

“அதுவரைக்கும் பசியையும் மறு ஆய்வுல வச்சுக்கிடணுமா?” என்று கேட்டுவிட்டு இசக்கியம்மா தரையில் உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை கொட்டியது. அறிக்கை வெளியிட வந்தவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. விளக்குப் போடும் நேரத்தில் அதிகாரி, சங்குமேட்டுக்குக் கஞ்சித்தொட்டி, தற்காலிகமாக என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தற்காலிகமாக என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு இழுத்தார். எங்களுக்குத் தெரியாத சொல்லா அது?

நவம்பர் 3, திங்கள்

வேறு வேலை தேடித் தூத்துக்குடி போகும் வழியில் சங்குமேட்டில் இறங்கினேன். கஞ்சித்தொட்டியில் அடுப்பு எரிகிறது. பருப்பு போட்ட கஞ்சி, ஆளுக்கொரு முட்டை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பாதத்தை ஒவ்வொரு தாயும் குனிந்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டு கொடுக்கிறாள். தன் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை என்றில்லை. பிள்ளைகளுக்குக் கூச்சம் தாங்கவில்லை, காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

புதுக் கணக்கெடுப்பு ஆட்கள் போன வாரம் வந்து போனார்களாம். அந்த வரி இன்னும் டேப்லெட்டில் ஏறவில்லை என்று இசக்கியம்மா சொன்னாள். “ஏறலன்னா போட்டும். நாங்க பிள்ளையளத் தூக்கி அவுக மடியிலயே வச்சு, அமுக்கிப் பாத்துட்டு எழுதுங்கன்னுட்டோம்.”

ஜமீனைத் தூக்கப் போனேன். வீறிட்டான். ஊர் கேட்கும்படி கத்தினான். பாதத்தைப் பிடித்ததும் என் மணிக்கட்டில் ஒரு உதை விட்டான்.

எழுதும்போது இன்னும் வலிக்கிறது. நல்ல உதை.